ஈஸ்டரும் கொஞ்சம் வெடிச்சத்தமும்

எங்க ஊர்ப் பக்கம் கிறிஸ்தவங்களை வேதக்காரங்கன்னு சொல்லுவாங்க. சர்ச்சுன்னா வேதக்கோயில். கிறிஸ்துமஸ் எல்லாருக்கும் தெரியும். கேக் வரும், ஸ்டார் தொங்கும், பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் போகும். ஈஸ்டர்னா மட்டும், "அந்த வெள்ளிக்கிழமை லீவு விடுவாங்களே, அதுவாப்பா?" என்பதோடு சரி. வேதக்காரங்களுக்கு அதுதான் பெரிய பண்டிகைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

2024 ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த நாலு நாளைப் பத்தி அப்பவே எழுத உட்கார்ந்தேன். பாதியில் நின்னு போச்சு. இப்போதான் முடிக்க முடியுது.

முதல்ல தேதிக் கணக்கு. மார்ச் 21-லோ அதுக்கு அப்புறமோ வர்ற பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால பெரும்பாலும் பங்குனியில்தான் வரும், சில வருஷம் சித்திரைக்குத் தள்ளிப் போகும். 2024-ல் மார்ச் 25 பௌர்ணமி. அன்னைக்குப் பங்குனி உத்திரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் திருக்கல்யாணம். அதே நிலாவுக்கு அடுத்து வந்த ஞாயிறு, மார்ச் 31, எங்களுக்கு ஈஸ்டர். விருதுநகர்ல மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வேற. எங்க மாவட்டத்துல பங்குனி மாசம் எல்லா சாமிக்கும் ஓவர்டைம்தான் :-)

வியாழக்கிழமை காலையில் பொதிகையில் சிவகாசி வந்து இறங்கினேன். ஆட்டோவில் வரும்போதே வேன் வேனா பொம்பளைங்க தூக்குவாளியோட வேலைக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. வழியெல்லாம் தேர்தல் போஸ்டர். அந்தத் தடவை எங்க தொகுதி ஸ்டார் தொகுதி. சிட்டிங் எம்.பி. மாணிக்கம் தாகூர், நடிகை ராதிகா சரத்குமார், விஜயகாந்த் மகன் விஜய பிரபாகரன்னு போட்டி. ஆட்டோக்காரர் வேதமும் அரசியலும் கலந்து ஒரு பிரசங்கம் பண்ணிக்கிட்டே வந்தார். வீட்டு வாசல்ல இறங்குறதுக்குள்ள மூணு பேரையும் தோற்கடிச்சிட்டார்.

அம்மா காபி குடுக்கும்போதே அட்டவணையை வாசிச்சாங்க. "இன்னைக்கு சாயங்காலம் திருவிருந்து. நாளைக்கு மூணு மணி நேர ஆராதனை. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலரைக்குக் கோயில். நடுவுல சனிக்கிழமை வீட்ல இரு."

சனிக்கிழமைதான் நண்பர்களோட பிளவக்கல் அணைக்குப் போறதா ஏற்கெனவே பேசி வெச்சிருந்தேன். அதை அப்போ சொல்லலை. சொல்ல வேண்டிய நேரம்னு ஒண்ணு இருக்கில்ல.

பெரிய வெள்ளி ஆராதனை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். மதியம் 12-லிருந்து 3 வரை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம். கரிசக்காட்டு வெயில் ஓட்டுக்கு மேல நிக்கும். ஃபேன் சுத்தும், ஆனா காத்து நம்மகிட்ட வராது. எல்லார் கையிலும் காலண்டர் அட்டை விசிறி. சிவகாசியில் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்? முன் வரிசை அம்மா ஒருத்தங்க போன வருஷத்து முருகன் படம் போட்ட அட்டையால விசிறிக்கிட்டிருந்தாங்க. ஐயர் (எங்க பக்கம் சி.எஸ்.ஐ. பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம்) பார்த்தார், சிரிச்சிக்கிட்டார். மூணாவது வார்த்தையில் நான் தூங்கினேன். நாலாவது வார்த்தையில் அம்மா கிள்ளினாங்க.

ஐந்தாவது வார்த்தை பேசினவர் ராக்லண்டு பத்திச் சொன்னார். நான் சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். 1854-ல் ராக்லண்டு, ஃபென், மெடோஸ்னு மூணு மிஷனரிகள் வடக்குத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, பங்களா கட்டாம கூடாரத்தில் தங்கி, ஊர் ஊரா நடந்தாங்க. ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணக்குப் படிச்ச பெரிய மூளை. நாலே வருஷம். 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியிலேயே இறந்துட்டார். அவர் நடந்த காலத்தில் இங்க தீப்பெட்டியும் கிடையாது, பட்டாசும் கிடையாது. மழை இல்லாத மண் மட்டும்தான். அப்புறம் 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தப்போ, அந்த மழையில்லாததே வசதியாப் போச்சு. விவசாயத்துக்கு எது சாபமோ, அதுவே மருந்து காய வைக்க வரம். (மருந்துன்னா வெடிமருந்து. எங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை.)

கடைசி ஜெபத்தில் ஐயர் வெம்பக்கோட்டைக் குடும்பங்களுக்காக ஜெபிச்சார். அப்போ மட்டும் விசிறிகள் நின்னுச்சு. பிப்ரவரி 14 சாம்பல் புதன், லெந்து தொடங்குச்சு. 17-ந் தேதி, லெந்தின் முதல் சனிக்கிழமை, வெம்பக்கோட்டை பக்கம் ராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை வெடிச்சு பத்துப் பேர் செத்துப் போனாங்க. சனிக்கிழமைன்னா எங்க பக்கம் சம்பள நாள்.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா கஞ்சியும் காணத் துவையலும். அந்தக் கஞ்சிக்காகவே மூணு மணி நேரம் உட்காரலாம். சின்ன வயசுல நான் அதுக்குத்தான் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கார் வந்து ஹாரன் அடிச்சது. அம்மாவுக்கு அப்போதான் விஷயம் தெரியும். "சாமி கல்லறைக்குள்ள இருக்கு, இவன் டூர் போறான்"னு ஒரு சத்தம். ஆனா பின்னாடியே வந்து ஒரு பை நிறைய முறுக்கும் சாத்தூர் வெள்ளரிக்காயும் குடுத்தாங்க. அம்மாக்கள் எல்லாம் ஒரே ரகம்.

பள்ளிக்கூட நண்பர்கள் மூணு பேர். பேர் போட்டா ஊர்ல அடிப்பாங்க, அதனால பட்டப்பேர். ஒருத்தன் வத்தல். விருதுநகர்ல மிளகாய் வத்தல் கமிஷன் வியாபாரம். இன்னொருத்தன் ஃபோர்மேன். நிஜமாவே பட்டாசு ஆலை ஃபோர்மேன்தான். ஆர்.சி. கிறிஸ்தவன். நாங்க சி.எஸ்.ஐ. ரெண்டு பேருக்கும் நடுவுல பதினாறாம் நூற்றாண்டிலிருந்து சண்டை. ஆறாம் வகுப்புல மரியாளைப் பத்தி விவாதம் பண்ணி அடிதடி வரைக்கும் போயிருக்கோம். வத்தல்தான் விலக்கி விட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினதும் பறக்கும்படை நிறுத்தினாங்க. தேர்தல் நேரம், ஐம்பதாயிரத்துக்கு மேல கையில வெச்சிருந்தா கணக்கு காட்டணும். டிக்கியைத் திறந்தா ஒரு பெரிய அலுமினிய டேக்ஸா. "என்ன இது?" "மட்டன் பிரியாணி சார்." அதிகாரி மூடியைத் திறந்து பார்த்து, ஆழமா ஒரு மூச்சு இழுத்துட்டு, "போங்க"ன்னு விட்டுட்டார். வீடியோ எடுக்கிற தம்பி பிரியாணியையும் முறைப்படி வீடியோ எடுத்தார்.

பிரியாணி கொண்டு வந்தது நான்தான், சொல்லி வாங்கினது. அதுலதான் ஒரு சிக்கல். ஃபோர்மேன் தவக்காலம், பாஸ்கா பூசை முடியாம கறி தொட மாட்டான். வத்தல் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கிறதா நேர்ந்து விரதம், மஞ்சள் வேட்டி, செருப்பு கூட இல்லை. ஆக நாலு பேர் சாப்பாட்டை நானும் டிரைவர் தம்பியும் ரெண்டே பேரா சாப்பிட வேண்டியதாப் போச்சு. நாங்களும் எங்களால முடிஞ்ச அளவு தியாகம் பண்ணினோம். மத்த ரெண்டு பேரும் வெள்ளரிக்காயைக் கடிச்சுக்கிட்டு எங்களைச் சபிச்சாங்க.

வத்திராயிருப்பு, கூமாபட்டி தாண்டினா ரோடே மாறிடும். கரிசல் முடிஞ்சு தென்னந்தோப்பு ஆரம்பிக்கும். எதிர்ல மலை சுவர் மாதிரி நிக்கும். (2025-ல் ரீல்ஸ் புண்ணியத்துல கூமாபட்டி உலகப் பிரசித்தம் ஆச்சே, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அப்போ நாங்க மட்டும்தான் இருந்தோம்னு பெருமை அடிச்சுக்கலாம்.) பிளவக்கல்னா பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. தண்ணி ஓரளவு இருந்தது. குளிக்க விட மாட்டாங்க. கரையோரம் புளிய மர நிழல்ல துண்டை விரிச்சுப் படுத்தோம்.

அங்க ஒண்ணு கவனிச்சேன். பக்கத்து மரத்தடியில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. ஃபோர்மேன் உதட்டை அசைச்சு எண்ணினான். "பதினாலு"ன்னான்.

"எதுக்குடா எண்ணுற?"

"பழக்கம் மாப்ள."

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு விபத்துல அவன் அக்கா போயிட்டாங்க. ஊர், ஆலை, வருஷம் எதுவும் வேண்டாம். அவன் அப்போ அதே ஆலையில் கூலி வேலை. அவன் கிழக்கு வரிசை, அக்கா மேற்கு வரிசை, சரம் பின்னுற ரூம். நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்கன்னு கடைசி வரை யாருக்கும் சரியாத் தெரியலை. அதுக்கப்புறம்தான் அவன் படிச்சு, பயிற்சி எடுத்து ஃபோர்மேன் ஆனான். "எத்தனை பேர்னு எண்ணுறதுக்காவது ஒருத்தன் வேணும்ல"ன்னு ஒரு தடவை சொன்னான்.

வத்தல் கேட்டான்: "அது ஏன்டா விபத்துன்னா பெரும்பாலும் வெயில் காலத்துலயே கேள்விப்படுறோம்?"

ஃபோர்மேன் அந்த ஒரு விஷயத்துல மட்டும் வாத்தியார் மாதிரி பேசுவான். மருந்து கலக்கிறது விடியக்காலைல முடிச்சிடணும். வெயில் ஏறினா உராய்வுக்கு உடனே பத்திக்கும். அன்னைக்குக் கலந்ததை அன்னைக்கே தீர்க்கணும். மிச்சம் வெச்சா, ஈரம் பட்டா, அலுமினியப் பொடி தானாவே சூடேறும். பேன்சி ரகத்துக்கு மணி மருந்து செய்யற இடம்தான் ரொம்ப ஆபத்து. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா பீஸ் ரேட்டு. எவ்வளவு செய்யறியோ அவ்வளவு காசு. ரூம்ல இடம் பத்தலைன்னா வேப்பமரத்தடியில் உட்காருவாங்க. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, வேலை நடத்துறது குத்தகைக்கு எடுத்த இன்னொருத்தர். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, முப்பதுக்கும் மேல. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், இருபதுக்கும் மேல. "ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல காரணம் படிச்சா, போன தடவை போட்டதையே தேதி மாத்திப் போட்ட மாதிரி இருக்கும்"ன்னான்.

வத்தல் தன் கையைப் பார்த்துக்கிட்டே, "நான் வருஷத்துல ஒரு நாள் சட்டியில நெருப்பை எடுக்கிறேன், அதுக்கு இத்தனை நாள் விரதம் இருக்கேன்"ன்னான். மிச்சத்தை அவனும் சொல்லலை, நாங்களும் சொல்லலை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

சாயங்காலம் திரும்பி வரும்போது ஃபோர்மேன் என்னைக் கேட்டான், "ராத்திரி எங்க கோயிலுக்கு வாரியா? பாஸ்கா."

நான் பத்தாவது படிக்கும்போது போனது. அப்புறம் போனதில்லை. வரேன்னேன்.

அவன் கோயில் சிவகாசிக்கு வெளிய ஒரு கிராமத்துல. ராத்திரி பதினொரு மணி. லைட் எல்லாம் அணைச்சிட்டாங்க. கோயிலுக்கு வெளிய முற்றத்தில் விறகு அடுக்கி, அதுல தீ மூட்டினாங்க. புதுத் தீ. ஃபாதர் அதை மந்திரிச்சு, அதிலிருந்து பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். மெழுகுவர்த்தியில் வருஷத்தைப் பொறிச்சிருந்தாங்க, 2-0-2-4. அதை முன்னாடி தூக்கிக்கிட்டு இருட்டுக் கோயிலுக்குள்ள போக, அதிலிருந்து ஒருத்தர், அவர்கிட்டயிருந்து இன்னொருத்தர்னு எல்லார் கையிலும் சின்ன மெழுகுவர்த்தி. பட்டாசு ஊர்க்காரங்களாச்சே, ஒவ்வொருத்தரும் தீயை வாங்குற பக்குவத்தைப் பார்க்கணும். உள்ளங்கையால மறைச்சு, முந்தானையை ஒதுக்கி, பிள்ளைங்களைத் தள்ளி நிக்க வெச்சு. எங்க சென்னைக் கோயில்ல இப்படி யாரும் பிடிச்சு நான் பார்த்ததில்லை.

வாசகங்கள் நீளமாப் போச்சு. படைப்பு, ஆபிரகாம், செங்கடல். பெரிய வியாழன் ராத்திரியிலிருந்து கோயில் மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டைதான் தட்டுவாங்க. வாசகம் முடிஞ்சு உன்னதங்களிலே பாடும்போதுதான் மணி மறுபடி அடிக்கும், லைட் எல்லாம் போடுவாங்க, திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும். அதே நேரம் வெளிய வெடி.

செங்கடல் வாசகம் முடிஞ்சதும் ஃபோர்மேன் எழுந்து வெளிய போனான். சிகரெட்டுக்குத்தான் போறான்னு நினைச்சேன். பத்தாவதுலயும் இப்படித்தான் பாதியில போவான். பின்னாடியே நானும் போனேன்.

கேட்டுக்கு வெளிய, ரோட்டோரம் நின்னுக்கிட்டிருந்தான். தனியா இல்லை. ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. காதுல பஞ்சு வெச்ச ஒரு பாட்டி. ரெண்டு கையிலும் தீக்காயத் தழும்பு உள்ள ஒரு அண்ணாச்சி. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. ஸ்கூல் யூனிஃபார்ம் வயசுல ஒரு பையன். யாரும் யார்கிட்டயும் பேசலை. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னாங்க. நிலா அப்போதான் கிழக்கே ஏறிக்கிட்டிருந்தது.

"என்ன மாப்ள, சத்தம் பயமா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"சத்தம் பயமில்ல. நாளெல்லாம் அதுலதான இருக்கேன். வெடிச்சா தலை தன்னால திரும்பிடும். எந்தப் பக்கம், புகை எங்க, ஒண்ணா தொடர்ச்சியான்னு பார்க்கும். உள்ள எல்லாரும் பீடத்தைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க, நான் மட்டும் பின்னாடி வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். அது நல்லாவா இருக்கு? அதான் வெளிய வந்துருவேன்."

"ஃபாதர்கிட்ட சொல்லி வெடியை நிறுத்தச் சொல்லலாம்ல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னைக்குப் போடுற பத்தாயிரம் வாலா எங்க ஃபேக்டரி சரம். நான்தான் காசு குடுத்து எடுத்துக் குடுத்தேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

"2018-ல் என்ன ஆச்சு ஞாபகம் இருக்கா?"ன்னான். அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, பசுமைப் பட்டாசுதான் செய்யணும், பேரியம் கூடாதுன்னு. தீபாவளி முடிஞ்சதும் ஆலைகளைப் பூட்டினாங்க, மாசக்கணக்கில் திறக்கலை. "அந்தக் கிறிஸ்துமஸுக்கு இந்த ஊர்ல ஒரு சத்தம் இல்ல. ஸ்டார் கூட பாதி வீட்ல கட்டலை. அந்த அமைதி இருக்கே, அது இதைவிட மோசம் மாப்ள. பிள்ளைங்க வெடிக்கட்டும். நான் இங்க நின்னுக்கிறேன்."

உள்ள மணி அடிக்க ஆரம்பிச்சது. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி. ஜன்னல் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சம். அடுத்த நொடி சரம் பத்திக்கிச்சு.

நீங்க நம்பணும்னு இல்லை, ஆனா பார்த்ததைச் சொல்றேன். கேட்டுக்கு வெளிய நின்ன அத்தனை பேர் தலையும் ஒரே நேரத்தில் திரும்பிச்சு. கோயில் பக்கம் இல்லை. மேற்கே, ஆலைகள் இருக்கிற பக்கம். வெடி கோயிலுக்குப் பின்னாடிதான் வெடிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காகத்தான் வெளிய வந்தே நிக்கிறாங்க. இருந்தும் திரும்பினாங்க. நானும் திரும்பினேன். பதினஞ்சு வருஷமா சென்னையில் இருக்கேன், என் தலையும் மேற்கேதான் போச்சு.

அங்க ஒண்ணும் இல்லை. இருட்டு. ரெண்டு டியூப்லைட். ஒரு நாய் குலைச்சுது.

"ஒண்ணுமில்ல"ன்னுச்சு பாட்டி. யாருக்குச் சொல்லுச்சுன்னு தெரியலை. சரம் முடிஞ்சு கடைசியா ஒரு ஒத்தை வெடி வெடிச்சு ஓஞ்சதும், பாட்டி பஞ்சை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள போச்சு. பின்னாடி ஒவ்வொருத்தரா போனாங்க. ஃபோர்மேன் எண்ணினான். கடைசி ஆள் உள்ள போனதும்தான் அவன் போனான். வாசல்ல ஒரு பொண்ணு மெழுகுவர்த்தியை நீட்டுச்சு. அவன் தன்னோடதைக் கொளுத்திக்கிட்டான். கை நடுங்கலை.

வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி ரெண்டு. நாலு மணிக்கு அம்மா எழுப்பிட்டாங்க. எங்க கோயில்ல நாலரைக்கு அதிகாலை ஆராதனை. தூக்கக் கலக்கத்துல போய் உட்கார்ந்தேன். அன்னைக்கு ஐயர் மாற்கு 16-ம் அதிகாரத்தை எடுத்தார். எத்தனையோ தடவை கேட்டதுதான். மூணு பொம்பளைங்க விடியக்காலத்துல கல்லறைக்குப் போறாங்க. கல்லு புரட்டியிருக்கு. உயிரோட எழுந்துட்டார்னு சேதி சொல்லப்படுது. அவங்க சந்தோஷப்பட்டுக் குதிக்கலை. நடுங்கி, அங்கிருந்து ஓடிப் போறாங்க. பயத்துல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் அந்த எட்டாம் வசனத்தோட, அந்தப் பயத்தோடயே முடியுதுன்னு ஐயர் சொன்னார். மிச்ச வசனங்கள் பிறகு சேர்ந்ததுன்னு அறிஞர்கள் சொல்றாங்களாம்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிடுச்சு. நாம பெரிய வெள்ளிக்குத் துக்கம், ஈஸ்டருக்குக் கொண்டாட்டம்னு பிரிச்சு வெச்சிருக்கோம். முதல் ஈஸ்டர்ல அப்படிப் பிரிஞ்சு இல்லை. நல்ல சேதி வந்தப்பவும் அந்தப் பொம்பளைங்களுக்கு உடம்பு நடுங்கிச்சு. ரெண்டு நாள் முன்னாடி பார்த்தது அப்படி. கேட்டுக்கு வெளிய நின்ன அந்த ஏழெட்டுப் பேர் ஏதோ ஈஸ்டரைத் தவற விட்டவங்கன்னு நான் நினைச்சது தப்பு. உள்ள இருந்த எங்களை எல்லாம்விட அவங்கதான் கல்லறைக்குப் பக்கத்தில் நின்னாங்க.

ஆராதனை முடிஞ்சு எங்க சபை வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பா கல்லறையில் அம்மா மல்லிகைப்பூ வெச்சாங்க. பக்கத்துல யாரோ கல்லறைக்கு மேல ஈரத்துணியால துடைச்சுக்கிட்டிருந்தாங்க. சூரியன் வந்ததும் எல்லாரும் கை குடுத்து வாழ்த்துச் சொல்லிக்கிட்டோம். பிள்ளைங்களுக்கு மிட்டாய். அப்புறம் இட்லியும் கறிக்குழம்பும். அதை எழுதி உங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்க விரும்பலை.

சாயங்காலம் விருதுநகர் போயிட்டோம். ராத்திரி பொதிகை அங்கதான் ஏறுறதா திட்டம். காரணம் எண்ணெய் பரோட்டா. தவம் முடிஞ்ச ஃபோர்மேன் நாலு பரோட்டா, ஒரு சுக்கா, இன்னொரு சுக்கா. வத்தல் எதிர்ல உட்கார்ந்து ஒரு எலுமிச்சை ஜூஸைக் கையில பிடிச்சுக்கிட்டு, "பங்குனிப் பொங்கல் முடியட்டும்டா, உங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு நான் தின்னு காட்டுறேன்"ன்னான். ஃபோர்மேன் கடைக்குள்ள நுழைஞ்சதுமே வாசல் எங்க, அடுப்பு எங்க, சிலிண்டர் எங்கன்னு பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தான். இதெல்லாம் முன்னாடி நான் கவனிச்சதே இல்லை. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்.

ரயில் ஏத்திவிடும்போது, "நாளைக்கு என்ன?"ன்னு கேட்டேன்.

"நாளைக்குத் திங்கக்கிழமை மாப்ள. ஆறு மணிக்கு மருந்து ரூம் திறக்கணும்."

சென்னை வந்து ஒரு வாரம் இருக்கும். ஆபீஸ் போற வழியில் ஒரு சாவு ஊர்வலம், திடீர்னு வெடி போட்டாங்க. நான் வண்டியை நிறுத்திட்டு எந்தப் பக்கம்னு திரும்பிப் பார்த்தேன். ரோட்டுல வேற யாரும் பார்க்கலை. பின்னாடி வந்தவர் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போனார்.

2024 மே 9, வியாழக்கிழமை. செங்கமலப்பட்டியில் வெடி விபத்துன்னு டிவியில் ஓடுச்சு. பெயர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி அவனுக்கு போன் போட்டேன். மூணு தடவை எடுக்கலை. நாலாவது தடவை எடுத்தான். ஹலோ சொல்லலை. "இருக்கேன்"ன்னான். அவ்வளவுதான். பின்னாடி ஆம்புலன்ஸ் சத்தம். நான் வெச்சிட்டேன்.

பாதி எழுதின பதிவு அன்னைக்கு நின்னதுதான். கொண்டாட்டத்தைப் பத்தி எழுதிக்கிட்டிருந்த கை அப்புறம் போகலை.

2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. மறுபடி போன். மறுபடி, "இருக்கேன் மாப்ள."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்க மாவட்டமே போன் வெச்சிருக்குன்னு நினைக்கிறேன். எத்தனை வீட்டுக்கு அந்த வார்த்தை வராமப் போயிருக்குன்னு நினைச்சா, வந்தவங்க அதைச் சும்மா வாங்கி வெச்சுக்கிட்டுப் போறது சரியில்லைன்னு தோணுது. அதான் எழுதி முடிச்சிட்டேன்.

அடுத்த ஈஸ்டருக்கும் பாஸ்காவுக்கு வரேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். உள்ள உட்கார இடம் பிடிக்க வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்.

பி.கு.: வத்தல் அந்த வருஷம் அக்னிச்சட்டி நல்லபடியா எடுத்தான். மறுநாளே பிரியாணி போட்டோ அனுப்பினான். ஒண்ணு இல்லை, பதினோரு போட்டோ. ஃபோர்மேன்தான் எண்ணிச் சொன்னான் :-)